கட்டையனும் சீமாட்டியும் வயித்து நோவுல கெடந்த கத

ஒரு ஊர்ல ஒரு உப்பளம் இருந்துச்சு. ஊரவிட உப்பளம் பெருசு. எங்க திரும்புனாலும் வெள்ள வெளேர்னு பாத்தி. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவுல வரப்பு, வரப்போரமா உப்புத்தண்ணி ஓடுற வாய்க்கா. மரம் கெடையாது, நெழல் கெடையாது. வெயில் மேலேருந்தும் அடிக்கும், கீழ உப்புலேருந்தும் அடிக்கும். என்ன ஜெசி, ம் சொல்லு.

"ம்."

ஆங். நீ ம் சொன்னாத்தான் பெரியம்மாவுக்குக் கத வரும்.

அந்த உப்பளத்துல தேவசகாயம்னு ஒருத்தன். சின்ன வயசுலேருந்து உப்பு வாருனவன். அந்த வெள்ளையவே பாத்துப் பாத்து அவன் கண்ணு மங்கிப்போச்சு. மொதல்ல பொக மூடுன மாதிரி இருந்துச்சாம். அப்புறம் ஆளு நிக்கிறது தெரியும், யாருன்னு தெரியாது. அப்புறம் வெளிச்சம் எது இருட்டு எதுன்னு மட்டும்தான் தெரிஞ்சுது. அவன் பொண்டாட்டி பேரு இருதயம்மா. அவ இன்னும் பாத்தியில எறங்கி உப்பு வாருறவ. புள்ள குட்டி கெடையாது. அவங்க வீட்ல ஒரு நாயி, ஒரு பூன.

நாய்க்குப் பேரு கட்டையன். குட்டக் காலு, நீட்டு ஒடம்பு, காது ஒண்ணு நிமுந்து ஒண்ணு மடங்கி. காலையில தேவசகாயம் அது கழுத்துக் கயித்தப் புடிச்சுக்குவான். அது முன்னால டக் டக் டக்னு நடக்கும், இவன் பின்னால நடப்பான். உப்பு மூட்ட போடுற கொட்டகை வரைக்கும் அந்தக் குறுகலான வரப்புலதான் போகணும். வாய்க்கா ஒடஞ்ச எடம் வந்தா கட்டையன் நின்னுரும். இவனும் நின்னுருவான். கொட்டகையில போயி சாக்கு வாயத் தைக்கணும், அதுதான் இவன் வேல. அதுக்குக் கண்ணு வேண்டாம், வெரலு போதும். ஆனா அங்க போயிச் சேர்றதுக்குக் கட்டையன் வேணும். ஒரு தடவ நாயி இல்லாமக் கெளம்பி, வாய்க்காலுக்குள்ள தலகுப்புற விழுந்து, உப்புத்தண்ணியக் குடிச்சுட்டான். அதுலேருந்து கயிறு இல்லாம வாசலத் தாண்டமாட்டான்.

பூனைக்குப் பேரு சீமாட்டி. யாரையும் சட்ட பண்ணாது. தேவசகாயம் மடியில மட்டும் வந்து உக்காந்து, குர்ர் குர்ர்னு இருக்கும். கொஞ்ச நாளாத்தான் அது வெளிய எங்கயோ குட்டி போட்டு ஒளிச்சு வச்சிருந்துச்சு. எங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. வரும், திங்கும், ஓடிரும்.

"எத்தன குட்டி பெரியம்மா?"

சொல்றேன், சொல்றேன். கேளு.

அப்போ அந்த ஊருக் கோயில்ல அசனம் வந்துச்சு. ஊரே ஒண்ணா உக்காந்து கறிச்சோறு திங்கிற விருந்து. அண்டா அண்டாவா கறி. எல்லாரும் தின்னு முடிச்சு மிச்சம் கெடந்துச்சுல்ல, எலும்பு, கொழுப்பு, அடியில தேங்குன எண்ணெ, வெங்காயம், அம்புட்டையும் ஒரு எலையில அள்ளி, "இந்தா கட்டையா, நீயும் தின்னு"ன்னு வச்சாங்க. யாரும் கெட்ட மனசுல வைக்கல. ஆசையாத்தான் வச்சாங்க. கட்டையன் லபக் லபக்னு தின்னுச்சு. சீமாட்டியும் வந்து ஓரமா உக்காந்து, கொழுப்பா பாத்து நக்குச்சு.

மறுநா காலையில தேவசகாயம் கயித்தப் புடிச்சு இழுக்குறான், நாயி எந்திரிக்கல. அப்புறம் எந்திரிச்சுச்சு. முதுக வளைச்சு, வயித்த எக்கி, உவ்வாக். உவ்வாக். உவ்வாக். மஞ்ச மஞ்சளா கக்குது. பின்னாலயும் சொர்ர்னு தண்ணியாப் போகுது. வீடெல்லாம் நாத்தம். கட்டிலுக்கு அடியில சீமாட்டி கால மடக்கிக் கவுந்து கெடக்கு. அதுவும் ரெண்டு தடவ கக்கிருக்கு.

"ஏளா, ரெண்டுக்கும் சொகமில்ல போலயே"ன்னான் தேவசகாயம்.

"கறி ஒத்துக்கல. வயித்தக் காயப்போட்டாச் சரியாயிரும்"னா இருதயம்மா. ஆனா அவளுக்கும் பயந்தான்.

அப்போ பக்கத்து வீட்டு சூச மாமா வந்தாரு. பழைய உப்பளத்து ஆளு. பாத்தாரு. "வெசத்தத் தின்னுருக்கு. முழுசா வெளிய வரணும். உப்ப நல்லாக் கரைச்சு ஊத்து, கொடல் சுத்தமாயிரும்"னாரு.

"அதான் தானாவே கக்குதே மாமா"ன்னா இருதயம்மா.

"இது பத்தாது. நீ வாயப் புடி."

ரெண்டு கை உப்பு. ஒரு சொம்புத் தண்ணி. கட்டையன் வாயத் தெறந்து கடக் கடக் கடக்னு ஊத்துனாரு. அது திமிறுச்சு, கண்ணு பிதுங்குச்சு. முழுங்கிருச்சு. அப்புறம் திரும்பவும் கக்குச்சு. "பாத்தியா, வருது பாரு"ன்னு சந்தோசமாப் போனாரு மாமா.

கொஞ்ச நேரத்துல எஸ்தர் மைனி வந்தா. எதுத்த வீடு. "வயிறு பொருமிக் கெடக்கு. எம் புள்ளையளுக்கு நான் வெளக்கெண்ணெதான் குடுப்பேன்"னு கிண்ணியோட வந்துட்டா. அதையும் ஊத்துனாங்க. அதுக்கப்புறம் கட்டையனுக்குப் பின்னால போறது நிக்கவே இல்ல. சொர்ர், சொர்ர்னு போயிக்கிட்டே இருக்கு. அதுல ரத்தம் கோடு கோடா தெரிஞ்சுது. இருதயம்மா சாம்பல அள்ளிப் போட்டுத் துடைச்சா, திரும்பவும் போட்டுத் துடைச்சா.

அப்புறம் மூணாவது ஒண்ணு நடந்துச்சு.

"ம்."

தேவசகாயம் கட்டிலுக்கு அடியில கைய விட்டு சீமாட்டியத் தடவிப் பாத்தான். ஒடம்பு சுட்டுச்சு. அவன் மனசு கேக்கல. அவனுக்குத் தலவலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரு வெள்ள மாத்திர உண்டு, மாடத்துல இருக்கும். எனக்குக் கேக்குறது இதுக்குக் கேக்காதான்னு நெனச்சான். முழுசு வேண்டாம், சின்ன உசுரு, பாதி போதும்னு ஒடச்சான். பாதிய நுணுக்கி, கருவாட்டுத் தூள்ல பெசஞ்சு, வெரலால வாயில வச்சு வச்சு ஊட்டுனான். சீமாட்டி வேற யாரு குடுத்தாலும் வாங்கியிருக்காது. அவன் கையிங்கிறதால நக்கி நக்கித் தின்னுச்சு.

"சரியாப் போயிருச்சா?"

இல்லடா.

வெயில் ஏற ஏறக் கட்டையனுக்குத் தாகம். தண்ணிய லப் லப் லப்னு குடிக்கும். உடனே கக்கும். திரும்பக் குடிக்கும். எந்திரிச்சு நாலடி நடந்துச்சு. சாராயம் குடிச்சவன் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சுச்சு. அப்புறம் தொப்புனு விழுந்து, காலெல்லாம் வெடவெடன்னு வெட்டி வெட்டி இழுத்துச்சு. பல்லு கிட்டிக்கிச்சு. இருதயம்மா "ஐயோ"ன்னா.

அதே நேரம் சீமாட்டி மெதுவா ஊர்ந்து வந்து தேவசகாயம் மடியில ஏறுச்சு. அவன் தலையத் தடவுனான். தடவுன கை அப்படியே நின்னுருச்சு.

"ஏளா இருதயம். இது மொகம் ஏன் இம்புட்டுப் பெருசா இருக்கு?"

அவ திரும்பிப் பாத்தா. பூன மொகம் உப்பி, கண்ணு ரெண்டும் இடுங்கி, வேற ஏதோ ஜென்மம் மாதிரி இருந்துச்சு. வாயத் தெறந்து ஹ ஹ ஹன்னு மூச்சு வாங்குது. பூன வாயால மூச்சு விட்டு நீ பாத்துருக்கியா? விடாது. விட்டா, அதால முடியலன்னு அர்த்தம்.

இருதயம்மா அப்புறம் யார்கிட்டயும் யோசன கேக்கல. "கெளம்புங்க, ஆசுபத்திரிக்குப் போவோம்"னா.

"மாட்டாசுபத்திரியா? அது பக்கத்து டவுன்லல்லா இருக்கு. நாயப் பூனயத் தூக்கிட்டா?"

"செத்தபெறகு தூக்குறதுக்கு இப்பவே தூக்குவோம்."

நாய ஒரு உப்புச் சாக்குல படுக்க வச்சா. பூனய ஓலப்பெட்டியில வச்சா. ரோட்டுக்கு வந்தாங்க. மொதல்ல ஷேர் ஆட்டோ வந்துச்சு. டர்ர்ர்னு நின்னுச்சு. ஆட்டோக்காரன் சாக்கப் பாத்தான், மூக்கப் பொத்துனான், போயிட்டான். அப்புறம் பஸ் வந்துச்சு. "நாயெல்லாம் ஏத்தக்கூடாதும்மா"ன்னு கண்டக்டர் விசிலடிச்சாரு. வெயில்ல நிக்கிறாங்க. சாக்குக்குள்ள கட்டையன் இழுக்குற சத்தம் சரக் சரக்னு கேக்குது. அப்புறம் உப்பு லாரி ஒண்ணு வந்துச்சு. டிரைவர் எட்டிப் பாத்தாரு. "அட, இது தேவசகாயத்த இழுத்துட்டு வார நாயில்லா? ஏறு, ஏறு"ன்னாரு. மூட்ட மேல ஏறி உக்காந்து போனாங்க.

ஆசுபத்திரியில ஒரு டாக்டரம்மா. நசீமான்னு பேரு. வாசல்ல ஆடு மாடெல்லாம் நின்னுச்சு. அவங்க சாக்க விரிச்சுப் பாத்த ஒடனே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாங்க.

"என்ன தின்னுச்சு?"

"அசனத்துக் கறிம்மா. எலும்பு, கொழுப்பு, குழம்பு."

"அதுக்கப்புறம் நீங்க என்ன குடுத்தீங்க?"

இருதயம்மா தலயக் குனிஞ்சுக்கிட்டா. ஒண்ணும் குடுக்கலன்னு சொல்லிரலாம்னு அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்போ தேவசகாயம் சொன்னான்: "நாய்க்கு உப்புத்தண்ணி ஊத்துனோம். வெளக்கெண்ணெ ஊத்துனோம். பூனைக்குக் காய்ச்சல் மாத்திர பாதி குடுத்தோம். அது நான் குடுத்தேன்."

டாக்டரம்மா பெட்டியத் தெறந்தாங்க. பூன ஒதட்டத் தூக்கிப் பாத்தாங்க. ஈறு செவப்பா இருக்கணும்ல. புளித்தண்ணி மாதிரி பழுப்பா இருந்துச்சு.

"ஐயா, அந்த மாத்திரய மனுச ஒடம்பு முறிச்சுப் போட்டுரும். பூன ஒடம்புக்கு அத முறிக்கத் தெரியாது. பாதியும் அதுக்கு வெசந்தான். ரத்தமே கெட்டுப் போயிருச்சு."

"மாத்து மருந்து இல்லையாம்மா?"

"இருக்கு. இங்க இல்ல. கேட்டு ஆளனுப்புறேன். அது வார வரைக்கும் இருக்கதப் போட்டுப் பாக்குறேன்."

நாய்க்குக் கால்ல ஊசி குத்தி டிரிப் ஏத்துனாங்க. சொட்டு, சொட்டு, சொட்டு. "ஏன்மா இம்புட்டு மெதுவா?"ன்னா இருதயம்மா. "ஏறுன உப்ப வேகமா எறக்குனா மூள வீங்கிரும். மெதுவாத்தான் எறக்கணும். கக்கித் தண்ணியில்லாமக் காஞ்சு கெடந்த ஒடம்புல நீங்க ரெண்டு கை உப்பப் போட்டுட்டீங்க"ன்னாங்க. திட்டல. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்னு இருந்துச்சு அவளுக்கு.

தேவசகாயம் பெஞ்சுல உக்காந்திருந்தான், மடியில சீமாட்டி. ஊசி போட்டாச்சு. மருந்து வரணும். அவன் வெரல வயித்து மேல வச்சிருந்தான். ஏறுது, எறங்குது. ஏறுது, எறங்குது. வெளிய ஒரு ஆடு மேன்னு கத்துச்சு. லாரி ஒண்ணு போச்சு. சீமாட்டி முன்னங்காலத் தூக்கி அவன் மணிக்கட்டுல வச்சுச்சு. நகத்த நீட்டாம, சும்மா வச்சுச்சு.

அப்புறம் அவன் சொன்னான், "டாக்டரம்மா, மூச்சு வரல."

டாக்டரம்மா ஓடி வந்து பாத்தாங்க. அவன் சொன்னது சரிதான்.

"செத்துப் போச்சா பெரியம்மா?"

ஆமாடா. செத்துப் போச்சு. மருந்து வரல, அதுக்குள்ள செத்துப் போச்சு. இங்க தள்ளி வா. என் கையப் புடிச்சுக்கோ. கத இன்னும் இருக்கு.

டாக்டரம்மா பூனயப் பெட்டியில வைக்கப் போனாங்க. வயித்தப் பாத்தாங்க. "இது பால் குடுக்குற பூனயா? மடியில பால் கட்டியிருக்கே. குட்டி எங்க?"

ரெண்டு பேருக்கும் அப்போதான் ஒறச்சுது. "எங்கன்னு தெரியலம்மா. ஒளிச்சு வச்சிருக்கு."

"போயித் தேடுங்க. பெரிய நாயி ஒரு வேள பட்டினி கெடக்கலாம். அதுக்கு நல்லதுங்கூட. பூன ஒரு நாளைக்கு மேல பட்டினி கெடந்தாலே ஆகாது. பால் குடிக்கிற குட்டி ஒரு வேளகூடத் தாங்காது."

நாயப் புடிக்க ஒரு ஆள் வேணும்னு இருதயம்மா அங்கயே இருந்துட்டா. செத்த பூனயப் பெட்டியில வச்சுக்கிட்டு, திரும்பி வந்த அதே லாரியில தேவசகாயம் ஊருக்கு வந்தான். டிரைவர் கையப் புடிச்சு வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போனாரு.

எஸ்தர் மைனி ஓடி வந்தா. பெட்டியப் பாத்தா. வாயில சேலைய வச்சுப் பொத்திக்கிட்டா. அப்புறம் ரெண்டு பேருமாத் தேடுனாங்க. வெறகுக்குப் பின்னால, இல்ல. பானைக்குப் பின்னால, இல்ல. கூரையில ஏறிப் பாத்தா, இல்ல. "நான் தெருவுல பாத்துட்டு வாரேன் தம்பி"ன்னு அவ போனா.

தேவசகாயம் வாசல்ல அசையாம நின்னான். காத்து உஸ்ஸுன்னு அடிக்குது. கீத்து படபடங்குது. அவன் காத அங்கயும் இங்கயும் திருப்புனான். அப்போ, ரொம்ப மெல்லிசா, ஊசி நுனி மாதிரி...

மீ.

எங்கேருந்து? பாத்திக்கு அந்தப் பக்கம், உப்பக் குமிச்சு ஓல போட்டு மூடி வைப்பாங்கல்ல, அந்த அம்பாரத்துப் பக்கத்துலேருந்து. நாயி இல்ல. கயிறு இல்ல. மைனியக் கூப்புடலாம்னு வாயத் தெறந்தான். கூப்புட்டா அந்தச் சத்தம் அமுங்கிருமோன்னு பயம். வாய மூடிக்கிட்டான். வரப்புல மண்டி போட்டான். கைய வச்சு, முட்டிய வச்சு, கைய வச்சு, முட்டிய வச்சு தவந்து போனான்.

மீ.

நின்னான். கேட்டான். போனான். உப்பு பரலு பரலாக் கெடக்கும்ல, உள்ளங்கையக் கிழிச்சிருச்சு. வாய்க்கா ஒடஞ்ச எடத்துல நாயி நிக்கும், இவனும் நிப்பான். இன்னிக்கு நாயி இல்ல. சளக்! இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டான். கிழிஞ்ச கையில உப்புத்தண்ணி பட்டா எப்படி இருக்கும்? சுரீர்னு தீ வச்ச மாதிரி இருந்துச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு ஏறுனான். ஏறி, மேல கேட்டா சத்தம் இல்ல.

"அப்புறம்?"

அப்புறம் அவனே மீன்னு கத்துனான்.

சிரிக்காத. ஆம்பள, மீச வச்சவன், மண்டி போட்டுக்கிட்டு, பூன மாதிரி மீ, மீன்னு கத்துறான். அதுக்குப் பதில் வந்துச்சு. மீ. ஓலைக்கு அடியில கைய விட்டான். மெத்துன்னு ஒண்ணு, உசுரோட. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, உசுரோட. மூணாவது ஒண்ணு. அது குளுந்து வெறச்சுக் கெடந்துச்சு. மூணையும் துண்டுல கட்டுனான். செத்தத அங்க விட்டுட்டு வர அவனுக்கு மனசு வரல. வந்த மாதிரியே தவந்து திரும்பி வந்தான். சாயந்தரமே தாயையும் அந்தக் குட்டியையும் ஒரே குழியில வச்சு மூடுனான்.

எஸ்தர் மைனி பசும்பாலக் காச்சி, சங்குல எடுத்துட்டு வந்தா. பச்சப்புள்ளைக்குப் போட்ற மாதிரி மல்லாக்கப் படுக்க வச்சு ஊட்டுனா. ரெண்டும் சப்புக் கொட்டிக் குடிச்சுச்சுங்க. ஆனா மறுநா விடிஞ்சதும் ஒரு குட்டிக்கு வயித்தால போச்சு. மஞ்சத் தண்ணி மாதிரி. கை நெறயாத குட்டி அது, அதுக்குள்ள எம்புட்டுத் தண்ணி இருக்கும்? இருதயம்மா வந்து ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறதுக்குள்ள, அதுவும் போயிருச்சு.

அப்போ மிச்சம் ஒண்ணே ஒண்ணு.

அதத் தூக்கிட்டு ரெண்டு பேருமா ஆசுபத்திரிக்குப் போனப்போ டாக்டரம்மா சொன்னாங்க: "பசும்பால் அதுக்கு ஆகாது. இப்போதைக்கு ஆட்டுப்பால் குடுங்க, வெதுவெதுன்னு. கொஞ்சங்கொஞ்சமா, அடிக்கடி. மல்லாக்கப் போட்டா பொர ஏறி நெஞ்சுக்குள்ள போயிரும். கவுத்துப் படுக்க வச்சே குடுங்க. குடிச்சு முடிச்சதும் ஈரத் துணியால பின்னால தடவணும். தாயி நக்கி விடும்ல, அந்த மாதிரி. தடவுனாத்தான் அதுக்கு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வரும்."

"அத நான் செய்வேன்"னான் தேவசகாயம். "என் வெரலு செய்யும்."

கட்டையனுக்கு இழுப்பு நின்னுருச்சு. தெனமும் லாரியில போயி டிரிப் ஏத்திட்டு வந்தாங்க. மொதல்ல வெறுந்தண்ணி, ஒரு மடக்கு, அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு மடக்கு. கக்கலன்னு தெரிஞ்சதும் சோத்தக் குழைய வடிச்சு, கோழிக்கறிய எலும்பு தோலெல்லாம் எடுத்துட்டு அவிச்சு, அதுல பிச்சுப் போட்டு ஒரு கை. உப்பு கெடையாது, எண்ணெ கெடையாது, மசாலா கெடையாது. உப்பளத்து வீட்ல உப்பில்லாமச் சமச்சா இருதயம்மா. கட்டையன் மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பும். அவ கையில வச்சு நீட்டுனா திங்கும்.

நாயி பொழச்சுது. ஆனா பழைய நாயா வரல. பின்னங்காலு ஒண்ணு தள்ளாடும். வரப்புல நடந்தா சாயும். இப்போ தேவசகாயம்தான் கயித்த இறுக்கிப் புடிச்சு அது விழாமப் பாத்துக்குவான், அது அவன் விழாமப் பாத்துக்கும். கொட்டகைக்குப் போயிச் சேர முன்னவிட நேரமாகும். மொதலாளி மொணங்குனாரு. மொணங்கட்டும்னு விட்டுட்டாங்க.

சூச மாமா அந்த வீட்டுப் பக்கமே வரல. தெருவுல எதுத்தாப்புல வந்தாலும் திரும்பிப் போயிருவாரு. ஒரு நா தேவசகாயம் அவரு செருப்புச் சத்தம் கேட்டு, "மாமா"ன்னான். அவரு நின்னாரு.

"நான் ஊத்துன உப்புதாண்டே அத முடமாக்கிருச்சு"ன்னாரு.

"உப்ப நீங்க ஊத்துனீங்க. மாத்திரய நான் ஊட்டுனேன். கொல்லணும்னா ஊட்டுனோம்? உள்ள வாங்க."

உள்ள வரல அவரு. ஆனா வாசப்படியில உக்காந்தாரு. அப்புறம் தெனமும் வந்து உக்காருவாரு. ஆட்டுப்பால் அவர் வீட்டு ஆட்டுலேருந்துதான் வந்துச்சு.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்போ அந்தக் கடைசிக் குட்டிக்கும் வயித்தால போக ஆரம்பிச்சுது.

ஆட்டுப்பால்தான் குடுத்தாங்க, கவுத்துப் போட்டுத்தான் குடுத்தாங்க. ஆனாலும் போச்சு. ஒரு வேள ஆசப்பட்டுக் கூடக் குடுத்துட்டாங்க போல. இருதயம்மா பாத்துட்டுப் பாத்திக்குப் போயிட்டா. சாகுறதப் பாக்க அவளுக்குத் தெம்பு இல்ல. சீமாட்டி செத்ததுக்கும் அவ அழல. குட்டி செத்ததுக்கும் அழல. கல்லு மாதிரி வேலைக்குப் போவா, வருவா, சாம்பலப் போட்டுத் துடைப்பா, படுப்பா.

தேவசகாயம் வேலைக்குப் போகல. டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டு வந்து, பால நெறயத் தண்ணியாக்கி, ஆசுபத்திரியில குடுத்த பொடியக் கலந்து, நூலத் திரிச்சு அதுல நனச்சு, சொட்டுச் சொட்டா குடுத்தான். குடுப்பான், ஈரத் துணியால துடைப்பான், வெரல வச்சுப் பாப்பான். தண்ணி. குடுப்பான், துடைப்பான், வெரல வச்சுப் பாப்பான். தண்ணி. துணியத் தொவச்சுக் காயப்போட்டு, அடுத்தத எடுப்பான். நெஞ்சோட சேத்துச் சட்டைக்குள்ள வச்சுக்குவான், அது குளுந்துறக் கூடாதுன்னு. கட்டையன் பக்கத்துல படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். அவனுக்கு எல்லாம் வெரல்தான். பூன மொகம் வீங்குனதையும் அந்த வெரல்தான் சொல்லுச்சு. அதனால ஒவ்வொரு தடவ தொடுறதுக்கு முன்னாலயும் ஒரு தடவ கைய இழுத்துக்குவான்.

அப்படியே போச்சு. அப்புறம் தண்ணி கொஞ்சம் கொழகொழன்னு ஆச்சு. அப்புறம் கூழு மாதிரி. அவன் யார்கிட்டயும் சொல்லல. சொன்னாக் கெட்டுப்போயிருமோன்னு பயம்.

ஒரு நா காலையில, இருதயம்மா வேலைக்குக் கெளம்பித் தெருவுல கால வச்சிருக்கா. உள்ளேருந்து அலறுனான்.

"ஏளா! ஏளா இருதயம்!"

அவளுக்கு உசுரே போச்சு. கையில இருந்த தூக்குச்சட்டி டமால்னு விழுந்துச்சு. ஓடி வந்தா. சூச மாமா வாசப்படியிலேருந்து எந்திரிச்சு ஓடி வந்தாரு. எதுத்த வீட்லேருந்து எஸ்தர் மைனி ஓடி வந்தா. தேவசகாயம் தரையில உக்காந்திருந்தான், ஒரு கையில குட்டி. இன்னொரு கைய நீட்டுனான். வெரல் நுனியில சின்னதா, பழுப்பா, ஒரு உளுந்து தண்டிக்கு ஒண்ணு.

"கெட்டியாப் போயிருக்கு. தொட்டுப் பாரு. கெட்டியா இருக்கு!"

சூச மாமா குனிஞ்சாரு, கண்ணச் சுருக்கிப் பாத்தாரு. "ஆமாடே, கெட்டியாத்தான் இருக்கு"ன்னாரு.

இருதயம்மா அப்படியே தரையில உக்காந்தா. மொதல்ல சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருக்கையில அது அழுகையா மாறிருச்சு. மாருல அடிச்சுக்கிட்டு, சீமாட்டி, சீமாட்டின்னு பேரச் சொல்லி, செத்த அன்னிக்கு அழாத அழுகையெல்லாம் சேத்து அழுதா. தேவசகாயம் அந்த வெரலத் துடைக்காம, கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே அவ பக்கத்துல நவுந்து உக்காந்தான். குட்டி பசியில மீ, மீன்னு கத்துச்சு. எஸ்தர் மைனிதான் கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பால வெதுவெதுப்பா சூடாக்கப் போனா.

அம்புட்டுத்தான் கத. குட்டி குடிச்சாச்சு, நாயி படுத்தாச்சு, நீயும் கண்ண மூடு கண்ணு.